‘ஃபிலிப்பூ’ என்று பொறித்த தங்க ஸ்டேட்டர்: எந்த ஃபிலிப்?

#1 காசுப்பை

ஓர் ஏலப்பட்டியலில் வந்திருக்கும் காசு பற்றிக் கேட்கிறேன். எடை 8.54 கிராம், விட்டம் 18 மி.மீ. முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த பெண்முகம், வலப்பக்கம் பார்க்கிறது. பின்பக்கம் சிறகுள்ள பெண் நிற்கிறாள். நீட்டிய கையில் மாலை, மற்ற கையில் சிலுவை போன்ற ஒரு கம்பு. வலப்புறம் மேலிருந்து கீழாக ‘ஃபிலிப்பூ’ என்ற கிரேக்கப் பொறிப்பு. இடப்புறம் லாம்ப்டா, உப்சிலான் என இரண்டு எழுத்துகள்.

விற்பவர் ‘மாசிடோனியா, இரண்டாம் ஃபிலிப், அலெக்சாண்டரின் தந்தை’ என்று போட்டிருக்கிறார். அது சரியா? கி.மு. காலத்துக் காசில் சிலுவை எப்படி வந்தது? இன்னொன்று, விளிம்பில் 12 மணி இடத்தில் நிறம் சற்று மங்கலாகத் தெரிகிறது. கன்னத்தில் ஒரு சிறு வெட்டும் இருக்கிறது. வாங்கலாமா, தங்கம் அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

#2 உரைகல்

விற்பவர் பெயரை மட்டும் படித்துவிட்டு முடிவு செய்திருக்கிறார். மாசிடோனியத் தங்கத்தில் முதலில் உருவங்களைப் பார்க்க வேண்டும், பெயர் அப்புறம்.

இரண்டாம் ஃபிலிப் (கி.மு. 359–336) அடித்த ஸ்டேட்டர் என்ற தங்கக் காசில் முன்பக்கம் அப்பல்லோவின் தலை, முடியில் லாரல் இலை மாலை. பின்பக்கம் இரட்டைக் குதிரைத் தேர், ஓட்டுபவன் கையில் தார்க்கோல். ‘ஃபிலிப்பூ’ (‘ஃபிலிப்பினுடைய’) என்ற பெயர் தேருக்குக் கீழே, தரைக்கோட்டின் அடியில் படுக்கையாக இருக்கும். உங்கள் காசில் இருப்பது போர்த் தெய்வம் அதெனாவும் சிறகுள்ள வெற்றித் தெய்வம் நிக்கேயும். இது மகன் அலெக்சாண்டர் கொண்டுவந்த வடிவமைப்பு. அதில் ‘அலெக்சாந்த்ரூ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபிலிப்பூ’ இருந்தால் அது மூன்றாம் ஃபிலிப் அர்ரிடையோஸ். கி.மு. 323 ஜூனில் அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்ததும் படை அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரரை அரசராக்கியது. 317 வரை அவர் பெயரில் காசு வந்தது. உருவத்தை மாற்றவில்லை, பெயரை மட்டும் மாற்றினார்கள்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அலெக்சாண்டர் இறந்த பிறகு மாசிடோனியாவிலும் சின்ன ஆசியாவின் சில பட்டறைகளிலும் அப்பல்லோ–தேர் காசை மறுபடி அடித்தார்கள். அதிலும் ‘ஃபிலிப்பூ’ என்றே இருக்கும். அதாவது தந்தை காலத்துத் தேர்க் காசு, அவர் இறந்து பல ஆண்டு கழித்து வந்த தேர்க் காசு, அர்ரிடையோஸின் நிக்கே காசு என மூன்று வகையிலும் ஒரே பெயர்தான். முதல் இரண்டையும் பிரிக்கத் தேரின் கீழுள்ள சின்னங்களும், எந்தெந்தக் காசுகள் ஒரே அச்சில் வந்தவை என்ற தொடர்பும் வேண்டும். உங்களுடையது அந்தச் சிக்கலில் இல்லை.

லாம்ப்டா–உப்சிலான் சேர்க்கை பாபிலோன் பட்டறையைக் காட்டுகிறது. அதே எழுத்துகள் அங்கே அடித்த வெள்ளி டெட்ராட்ராக்மில் (நான்கு ட்ராக்ம் காசு; ட்ராக்ம் கிரேக்கரின் அடிப்படைக் காசலகு) கிரேக்கத் தலைமைத் தெய்வம் ஜீயஸ் அமர்ந்த அரியணையின் கீழ் வருவதைப் பார்க்கலாம். அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் ‘பெல்லா’ தளத்தில் சின்னத்தையும் எழுத்தையும் கொடுத்துத் தேடினால் பிரைஸ் எண் (பிரைஸ் தொகுத்த காசுப்பட்டியலில் உள்ள எண்) கிடைக்கும். அர்ரிடையோஸின் காசுகளுக்கு எண்ணின் முன்னால் ‘பி’ எழுத்து சேர்ந்து வரும். அந்த எண் இல்லாத ஏலக் குறிப்பை நம்பாதீர்கள்.

#3 திரிசூலம்

அது சிலுவை இல்லை. கிரேக்கப் போர்க்கப்பலின் பின்னணியத்தில் நட்டிருக்கும் கம்பம், பெயர் ஸ்டைலிஸ். தலையில் குறுக்குச் சட்டம் இருப்பதால் சிலுவை மாதிரித் தெரிகிறது. நல்ல அச்சில் அடித்த காசில் குறுக்குச் சட்டத்தின் இரு முனையிலும் சிறு தடிப்பு தெரியும். தேய்ந்த காசில் வெறும் குறுக்குக் கோடுதான் மிஞ்சும்.

கவசத்தையும் கவனியுங்கள். அது கொரிந்த் வகை. மூக்குக் காப்பும் கண் துளையும் உள்ள முழு முகக் கவசம், அதை நெற்றிக்கு மேலே தள்ளி அணிந்திருக்கிறாள். கவசத்தின் பக்கவாட்டில் பெரும்பாலும் சுருண்ட பாம்பு இருக்கும். சில பட்டறைகள் கிரிஃபினையோ (கழுகுத் தலைச் சிங்கம்) ஸ்பிங்ஸையோ (பெண் தலைச் சிங்கம்) போட்டன. பட்டியலில் இதைக் குறிப்பிடாமல் விடுவது பலர் செய்யும் தவறு. ஒரே பட்டறைக்குள் அச்சுக் குழுக்களைப் பிரிக்க இந்தச் சின்ன விலங்கு உதவும்.

ஏன் கொரிந்த் கவசம், ஏன் கப்பல் கம்பம்? கி.மு. 337இல் இரண்டாம் ஃபிலிப் அமைத்த கிரேக்கக் கூட்டமைப்பு கூடிய ஊர் கொரிந்த். அந்தக் கூட்டமைப்பின் தலைவராகத்தான் அலெக்சாண்டர் பாரசீகம் போனார். 480இல் பாரசீக அரசர் செர்க்சஸ் கிரேக்கத்தின் மீது படையெடுத்ததற்குப் பழிவாங்குவதாக அறிவித்துவிட்டுப் போனார். அந்த ஆண்டு கிரேக்கர்கள் பாரசீகத்தை வென்ற பெரிய போர் சலமீஸ் கடற்போர். கடற்போர் வெற்றிக்குக் கப்பல் கம்பம் ஏந்திய நிக்கேயை விடப் பொருத்தமான உருவம் கிடையாது. ஆகவே இந்தக் காசு அவர் ஆட்சிக்கு வந்த 336ஐ ஒட்டியே திட்டமிடப்பட்டது என்பேன்.

#4 உரைகல்

கவசம் பற்றி ஒத்துக்கொள்கிறேன், ஆண்டு பற்றி இல்லை. 334இல் மிலேட்டஸைப் பிடித்ததும் அலெக்சாண்டர் தன் கடற்படையின் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டார். கப்பலையே நம்பாத அரசர் அப்போது கப்பல் சின்னத்தைத் தங்கத்தில் போட்டிருப்பாரா? 332இல் ஏழு மாதம் டயர் நகரை முற்றுகையிட்டபோதுதான் சைப்ரஸ், ஃபினீசியக் கப்பல்கள் அவர் பக்கம் வந்தன. அந்த வெற்றிக்குப் பிறகு ஸ்டைலிஸ் வருவது இயல்பு.

வெள்ளியையும் சேர்த்துப் பாருங்கள். அலெக்சாண்டர் டெட்ராட்ராக்மில் அரியணையில் அமர்ந்த ஜீயஸ், டார்சஸில் பாரசீக ஆளுநர் மசையோஸ் அடித்த காசில் உள்ள ‘பாஆல்’ என்ற தெய்வத்தின் உருவத்துக்கு மிக நெருக்கம். பாதம் வைக்கும் பலகை வரைக்கும் ஒற்றுமை இருக்கிறது. டார்சஸ் அவர் கைக்கு வந்தது 333இல். வெள்ளி அதற்கு முன் தொடங்கியிருக்க வாய்ப்பு குறைவு. தங்கம் மட்டும் மூன்றாண்டு முந்தியது என்று சொல்லத் தனி ஆதாரம் வேண்டும்.

#5 திரிசூலம்

ஜீயஸ் ஒற்றுமை வெள்ளிக்குத்தான் பொருந்தும், தங்கத்துக்கு அப்படி ஒரு கிழக்கத்திய முன்மாதிரி இல்லையே. அதெனாவின் தலை கொரிந்த் நகர வெள்ளி ஸ்டேட்டரில் ஏற்கெனவே இருந்தது. புதிதாக வடிவமைக்க டார்சஸ் வரை போக வேண்டியதில்லை. கடற்படையைக் கலைத்ததற்குப் பணத்தட்டுப்பாடும் ஒரு காரணம். அது சின்னத்தின் அர்த்தத்தை மாற்றாது.

கேட்டவருக்கு இந்த விவாதம் நேரடியாக உதவாது, அவர் காசு 323க்குப் பிந்தியது. இருந்தாலும் ‘அலெக்சாண்டர் உயிரோடிருந்தபோது அடித்தது’ என்று விலை ஏற்றி விற்கிற காசுகளில் இந்தக் கேள்வி பணத்தைத் தொடுகிறது. அலெக்சாண்டர் பெயரிலும் உருவத்திலும் அவர் இறந்து பல தலைமுறைகள் வரை காசு வந்தது. ‘வாழ்நாள் காசு’ என்று எழுதியிருந்தால் எந்த எண், எந்தப் புதையலின் அடிப்படையில் என்று கேளுங்கள்.

#6 துலாக்கோல்

எடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் தொடங்குகிறேன்.

இரண்டாம் ஃபிலிப் முதல் அர்ரிடையோஸ் வரை தங்க ஸ்டேட்டர் அட்டிக் (ஏதென்ஸ்) எடை அளவில் இரண்டு ட்ராக்ம், அதாவது சுமார் 8.6 கிராம். புதையலில் தேயாமல் கிடைத்தவை 8.55–8.62க்குள் நெருங்கி நிற்கும். இரட்டை ஸ்டேட்டர் 17.2 கிராம். புழங்கித் தேய்ந்தது 8.45 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் காரணம் தேட வேண்டும். விளிம்பை அராவியிருக்கலாம், வளையம் வைத்து எடுத்திருக்கலாம், உள்ளே வேறு உலோகம் இருக்கலாம். தங்கத்தில் எடை இவ்வளவு கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் மதிப்பு. அந்தக் காலக் கணக்கில் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் 10க்கு 1. ஒரு தங்க ஸ்டேட்டர் 20 வெள்ளி ட்ராக்ம். முந்தைய பாரசீகக் கணக்கு 13⅓க்கு 1. 8.35 கிராம் தங்க டாரிக்குக்கு 5.55 கிராம் வெள்ளி சிக்லோஸ் 20 கொடுத்தால் கணக்கு சரியாக வரும். பாங்கையோன் மலைச் சுரங்கங்கள் ஃபிலிப் கைக்கு வந்து ஆண்டுக்கு 1,000 தாலந்துக்கு (பழைய பெரிய எடையளவு) மேல் தந்ததாகப் பழங்கால வரலாற்றாசிரியர் டயோடோரஸ் எழுதுகிறார். தங்கம் பெருகியதும் விகிதம் இறங்கியது.

8.54 என்ற எடை நல்லது. ஆனால் அதை வைத்து மட்டும் ‘அசல்’ என்று சொல்ல முடியாது. தங்கத்திலேயே செய்த நவீனப் போலியை 8.54க்குச் செய்வது எளிது.

#7 காசுப்பை

நன்றி. நம் ஊர்ப் பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் போதாதா? பத்தரை மாற்றா இல்லையா என்று அவர்கள் சொல்லிவிடுவார்களே.

#8 துலாக்கோல்

தயவுசெய்து வேண்டாம். உரைப்பது என்றால் காசின் ஓர் இடத்தைக் கல்லில் தேய்த்து உலோகத்தை எடுப்பது. சுத்தத் தங்கம் மிக மென்மை, ஒரு தேய்ப்பிலேயே விளிம்பில் பளபளப்பான தட்டை விழும். அதைப் பார்த்ததும் அடுத்து வாங்குபவர் விலையைக் குறைப்பார். ஆசிட் துளி விடுவதும் கூடாது. நகைக்கடையில் உள்ள காரட் மீட்டர் காசைச் சேதப்படுத்தாது, அதில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அது மேற்பரப்பில் சில மைக்ரான் ஆழத்தைத்தான் படிக்கும். முலாம் தடிமனாக இருந்தால் ஏமாறும்.

நீரில் எடைபோடுவதுதான் வழி. செய்முறை:

0.001 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். முதலில் காசைக் காற்றில் நிறுத்து எழுதுங்கள். பிறகு ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி விட்டுத் தராசின் மேல் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். தராசைத் தொடாத தனித் தாங்கியிலிருந்து மெல்லிய நைலான் நூலில் காசைத் தொங்கவிட்டு, நீரில் முழுவதும் மூழ்கும்படி இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்தான் காசு விலக்கிய நீரின் எடை. காற்றில் உள்ள எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது நீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது.

8.54 கிராம் காசுக்கு எதிர்பார்க்க வேண்டியது: 99 விழுக்காட்டுக்கு மேல் தங்கமானால் 0.442 முதல் 0.447. நம் 22 காரட் போல 91.6 விழுக்காடு என்றால், சேர்த்திருப்பது வெள்ளியா செம்பா என்பதைப் பொறுத்து 0.474 முதல் 0.485. மாசிடோனியத் தங்கம் நன்றாகப் புடம் போட்டது, 22 காரட்டுக்கு வந்து நிற்காது. வந்தால் அது நகைத்தங்கத்தில் செய்த நகல்.

தவறுவது எங்கே? ஒன்று, குமிழி. எழுத்தின் இடுக்கிலும் மாலையின் ஓட்டையிலும் காற்று ஒட்டிக்கொண்டால் எண் கூடி, தங்கம் மட்டமாகத் தெரியும். இறக்கிய பிறகு நூலை மெல்ல ஆட்டிக் குமிழியை விடுவித்து, மூன்று முறையாவது அளக்க வேண்டும். இரண்டு, 0.01 கிராம் தராசு. அதில் 0.44 என்று வந்தால் ஒப்படர்த்தி 19.4, அடுத்த எண் 0.45 வந்தால் 19.0. நடுவில் எதுவும் காட்டாது. அந்தத் தராசால் செம்பு கலந்ததையும் கலக்காததையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. மூன்று, நீரின் வெப்பம். 28 டிகிரியில் நீரின் அடர்த்தி 0.996, விடையை அதால் பெருக்குங்கள்.

டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தங்கத்தோடு ஏறக்குறைய ஒன்று. நீர்ச் சோதனை அதைப் பிடிக்காது. கட்டியான பாளத்தில் அது ஆபத்து. ஆனால் டங்ஸ்டன் உடையும், அச்சடிக்க ஒத்துழைக்காது. 18 மி.மீ. காசில் பயப்பட வேண்டிய முதல் விஷயம் அது இல்லை.

#9 காவிரிமணல்

துலாக்கோல் சொன்ன கணக்கை எலெக்ட்ரம் (தங்கமும் வெள்ளியும் கலந்த உலோகம்) காசுகளுக்குப் போட்டு ஏமாறாதீர்கள், இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கைசிகஸ் ஸ்டேட்டர் சுமார் 16 கிராம். ஒவ்வொன்றிலும் எங்கோ ஒரு டூனா மீன் இருக்கும், பின்பக்கம் உருவமே இல்லாமல் நான்காகப் பிரிந்த குழிச் சதுரம். அதில் தங்கம், வெள்ளி இரண்டோடு செம்பும் உண்டு. மூன்று உலோகம் சேர்ந்தால் ஒப்படர்த்தி ஒன்றை மட்டும் வைத்துப் பங்கு கணக்கிட முடியாது.

லிடியாவின் (இன்றைய மேற்குத் துருக்கியில் இருந்த அரசு) பழைய சிங்கத்தலைக் காசுகளும் அப்படித்தான். பிரித்துச் சுத்தத் தங்கமாகவும் சுத்த வெள்ளியாகவும் அடிப்பது அதன் அரசர் க்ரோயசஸ் காலத்தில், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. தலைநகர் சார்டிஸில் பக்டோலஸ் ஓடையோரம் அகழ்ந்தபோது அப்படிப் பிரித்த பட்டறையே கிடைத்தது. தங்கத்தை மெல்லிய தகடாக்கி, உப்போடு மண்கலத்தில் அடுக்கி, உருகாத சூட்டில் புடம் போட்டிருக்கிறார்கள். வெள்ளி குளோரைடாகிக் கலத்தின் சுவரில் இறங்கிவிடும். தங்கம் தகடாகவே மிஞ்சும். அதைத்தான் எதிரெதிராக முறைக்கும் சிங்கமும் காளையும் உள்ள காசாக அடித்தார்கள்.

அந்த ஆற்றுத் தங்கத்தில் ஆஸ்மியம்–இரிடியம் துகள் வெண்மையான கடினப் புள்ளியாக மேற்பரப்பில் தெரிவதுண்டு. பத்து மடங்கு லென்ஸில் பார்க்கலாம். இருந்தால் வண்டல் தங்கம் என்று சொல்லலாம். இல்லை என்பதால் போலி என்று சொல்லக் கூடாது.

#10 அச்சுமுனை

வெட்டுக்கும் விளிம்புக்கும் வருகிறேன். போலியைப் பிடிப்பது விளிம்பில்தான். படத்தில் முகம் அழகாக இருக்கிறதே என்று மயங்குகிறவர்கள்தான் பணம் இழக்கிறார்கள்.

அசல் எப்படி உருவானது என்று மனதில் வைத்துப் பாருங்கள். எடைபோட்ட தங்கத்தை உருக்கிக் குண்டாக்கி, தட்டி வட்டமாக்கி, பழுக்கக் காய்ச்சி மென்மையாக்கினார்கள். முன்பக்க அச்சு பட்டடையில் பதிந்திருக்கும், பின்பக்க அச்சு கையில் பிடிக்கும் முளையின் முனையில் இருக்கும். நடுவில் தங்கத்தை வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். அடி விழும்போது தங்கம் நடுவிலிருந்து வெளியே வழிகிறது. அந்த வழிவு மூன்று இடத்தில் தடம் விடும். விளிம்பு உருண்டு, சில இடத்தில் நுண்ணிய வெடிப்போடு இருக்கும். எழுத்துகளின் ஓரம் தளத்திலிருந்து செங்குத்தாக எழும். சாய்ந்த ஒளியில் தளத்தில் விளிம்பை நோக்கிச் செல்லும் மெல்லிய ஆரக்கோடுகள் தெரியும்.

வார்த்த போலியில் இவை இருக்காது. எழுத்தின் அடி உருகியது போல வளைந்து தளத்தோடு கலக்கும். தளத்தில் ஊசி முனை அளவு குழிகள் இருக்கும். அச்சு இணைந்த கோடு விளிம்பைச் சுற்றி ஓடும், அதை அராவி மறைத்திருந்தால் அரத்தின் கோடு நேர்க்கோடுகளாக நிற்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் உருவம் அசலை விடச் சற்றே சிறியதாக வரும்.

முலாம் போட்டது வேறு வகை, அது பழங்காலத்திலேயே நடந்தது. இங்கே எடையே காட்டிக்கொடுத்துவிடும். இதே கன அளவுள்ள காசின் உள்ளே செம்பு இருந்தால் 4 கிராமை ஒட்டியும், வெள்ளி இருந்தால் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவாகவும்தான் வரும். எடையை ஏற்ற வேண்டும் என்றால் காசு தடிமனாகும். 8.54 கிராமும் சாதாரணத் தடிமனும் சேர்ந்தே இருந்தால் முலாம் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது.

மிச்சம் இருப்பது கடினமான வகை: நல்ல தங்கத்தில், புதிதாகச் செய்த அச்சால், முறையாக அடித்தது. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியில் பெக்கர் இப்படித்தான் செய்தார். அவருடைய அச்சுகள் பெர்லினில் இருக்கின்றன. அடுத்த நூற்றாண்டில் ஏதென்ஸில் கிறிஸ்டோடூலோஸ். இவர்களின் அச்சில் வந்தவை பதிவாகியிருப்பதால் ஒப்பிட முடியும். இன்றைய ஆட்கள் அசல் காசிலிருந்தே அச்சை நகலெடுக்கிறார்கள். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு காசுகள் ஒரே அச்சில் வந்திருப்பது இயல்பு. அச்சில் விழுந்த விரிசல் இரண்டிலும் மேடாகத் தெரிவதும் இயல்பு. ஆனால் காசு புழங்கும்போது விழுந்த கீறலோ பள்ளமோ இரண்டு காசிலும் ஒரே இடத்தில் இருக்கவே முடியாது. இருந்தால் இரண்டில் ஒன்றாவது, பெரும்பாலும் இரண்டுமே, நகல். ஆகவே உங்கள் காசின் கன்னத்து வெட்டைப் பழைய ஏலப் படங்களோடு ஒப்பிடுங்கள். வேறு எதிலும் அதே வெட்டு வராமல் இருக்க வேண்டும்.

#11 காவிரிமணல்

வெட்டு என்றதும் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறேன். கிரேக்கத் தங்கத்தில் வரும் வெட்டு பெரும்பாலும் உள்ளே வேறு உலோகம் இருக்கிறதா என்று பார்க்கப் போட்ட சோதனை வெட்டு. விளிம்பிலிருந்து தொடங்கும், ஆழமாக இறங்கும். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகளிலும் வெட்டுகள் உண்டு, அவை பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் போட்டவை. ஏறக்குறைய எல்லாக் காசிலும் இருக்கிறது. ஒவ்வொரு காசையும் சோதிக்க வேண்டியதில்லை என்பதால், அதைக் காசாகப் புழங்காமல் உலோகமாக மட்டும் கொள்ளவே அப்படிச் செய்தார்கள் என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். நம் நிலத்தில் கிடைத்த ரோமானியக் காசைப் பார்த்துப் பழகிய கண், கிரேக்கக் காசின் வெட்டையும் அதே காரணமாக எண்ணிவிடும்.

#12 துலாக்கோல்

12 மணி மங்கல் பற்றி: அங்கே வளையம் வைத்துக் காசுமாலையோ பதக்கமோ செய்து பிறகு கழற்றியிருக்க வாய்ப்பு அதிகம். மேலேயுள்ள உருவம் நேராக நிற்க வேண்டும் என்பதால் வளையத்தை எப்போதும் தலைக்கு நேர் மேலேதான் வைப்பார்கள். அதனால் முன்பக்கத்துக்கு 12 மணி என்றால் சந்தேகம் வலுக்கிறது. பற்றவைக்கும் பொடியில் செம்பும் வெள்ளியும் அதிகம், அதுதான் வெளிறியோ சிவந்தோ தெரியும். சூடு பட்ட இடத்தில் தளத்தின் ஆரக்கோடுகள் மறைந்து வழவழப்பாக இருக்கும். லென்ஸில் அந்த ஓர் இடத்தையும் அதற்கு நேர் எதிரே 6 மணி இடத்தையும் மாறிமாறிப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் வளையம் இருந்தது உறுதி.

காசுக்கு அதனால் அசல் தன்மை போகாது, விலை கணிசமாக இறங்கும். வாங்கிய பிறகு பொடியைச் சுரண்டி எடுக்க முயல வேண்டாம். சுத்தம் செய்வதென்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பது, பழைய அரக்குப் பூச்சு இருந்தால் அசிட்டோன், அவ்வளவுதான். பிரஷ் பட்டால் தளம் முழுக்க மயிரிழைக் கோடு விழும், திரும்பப் போகாது.

#13 திரிசூலம்

கேள்வியிலிருந்து கொஞ்சம் விலகினாலும் வடிவமைப்பு பற்றிய தலைப்பு என்பதால் இதைச் சேர்க்கிறேன். ஒரே உருவத்தைக் கை மாறிக் கை மாறிச் செதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிலிப்பின் அப்பல்லோ–தேர் காசே சாட்சி. கூலிப்படையாகப் போன கெல்ட்டுகள் வழியாக அது காலியாவுக்கு (இன்றைய பிரான்ஸ் பகுதி) போனது. முதல் நகல்களில் தேர், பெயர் எல்லாம் அடையாளம் தெரியும். இரண்டு நூற்றாண்டில் தேர் மறைந்து ஒற்றைக் குதிரை மட்டும் நிற்கிறது. அதுவும் வளைகோடுகளும் பந்துகளுமாகப் பிரிகிறது. தேரின் சக்கரம் குதிரைக்குக் கீழே தனியாக மிதக்கிறது. அப்பல்லோவின் முகம் சுருங்கி, லாரல் மாலையே காசு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. ஜூலியஸ் சீசர் காலியாவில் போரிட்ட காலத்துக் காசு ஒன்றில் முன்பக்கம் வெறுமையே, எடையும் 6.2 கிராமுக்கு வந்துவிட்டது, வெள்ளியும் செம்பும் கலந்தது. ‘கரடுமுரடான கிரேக்கக் காசு’ என்று விற்கப்படுபவற்றில் இவை கலந்திருக்கும். எடை முதலில் சொல்லிவிடும்.

#14 காவிரிமணல்

நேர் எதிரான வழக்கும் உண்டு. எகிப்தில் இரண்டாம் டாலமி தன் மனைவியும் சகோதரியுமான அர்சினோயேயின் பெயரில் 27.8 கிராம் தங்கக் காசு அடித்தார். ஒரு காசு 100 வெள்ளி ட்ராக்முக்குச் சமம். முக்காடிட்ட தலை, காதருகே சுருண்ட ஆட்டுக்கொம்பு, தலைக்குப் பின்னால் கப்பா என்ற எழுத்து. பின்பக்கம் இரட்டை வளக்கொம்பு (கனிகள் நிறைந்த, செழிப்பைக் குறிக்கும் கொம்பு), பட்டியால் கட்டியது. அர்சினோயே கி.மு. 270இல் இறந்துவிட்டார். அதே முகம், அதே கப்பா கி.மு. 2ஆம் நூற்றாண்டு வரை வந்தது. உருவம் சிதையவில்லை, முகம் மட்டும் காலப்போக்கில் வீங்கி, கண் பெரிதாகிறது. பட்டறையும் அரசும் அறுபடாமல் இருந்த இடத்தில் வடிவம் நிற்கிறது.

#15 காசுப்பை

விற்பவருக்கு எழுதி விளிம்புப் படமும் நீர் எடையும் கேட்டேன். முதலில் 0.452 என்று அனுப்பினார். வகுத்தால் 18.9 வருகிறது. பற்றவைத்த பொடியால் இவ்வளவு குறையுமா?

#16 துலாக்கோல்

குறையாது. 18.9க்கு இறங்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 0.1 கிராமாவது பொடி வேண்டும். வளையம் கழற்றிய தடத்தில் அவ்வளவு இருக்காது, இருந்தால் கண்ணுக்கே மேடாகத் தெரியும். குமிழிதான் முதல் சந்தேகம். சோப்புத் துளி விட்டு, ஆட்டிவிட்டு மூன்று முறை அளந்து, நீரின் வெப்பத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

#17 காசுப்பை

அளந்து அனுப்பினார். 0.445, 0.444, 0.446, நீர் 28 டிகிரி. விளிம்புப் படத்தில் 12 மணியில் வழவழப்பான தட்டை, 6 மணியில் வெடிப்போடு உருண்ட விளிம்பு. கன்னத்து வெட்டு பழைய படங்கள் எதிலும் இல்லை.

#18 அச்சுமுனை

சராசரி 0.445. 8.54ஐ வகுத்தால் 19.19, நீரின் அடர்த்தியால் பெருக்கினால் 19.1. 99 விழுக்காடு தங்கத்துக்குச் சரியான எண். விளிம்பும் அடித்த காசின் விளிம்புதான். வளையம் கழற்றிய காசு என்ற விலையில் வந்தால் எடுக்கலாம். ஆனால் எங்கிருந்து வந்தது என்ற காகிதம் இல்லாமல் வேண்டாம். 2020இல் லண்டன் ஏலத்தில் உலகச் சாதனை விலைக்குப் போன, ஜூலியஸ் சீசரைக் கொன்ற புரூட்டஸின் தங்கக் காசு, பொய்யான பூர்விகக் கதையோடு விற்கப்பட்டதாகத் தெரிந்து 2023இல் கிரேக்கத்துக்குத் திரும்பியது. பழைய ஏலப்பட்டியலின் படம், ரசீது, அந்நாட்டு ஏற்றுமதி அனுமதி ஆகிய மூன்றில் எது இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவுக்குள் வந்துவிட்டால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேரும். நூறாண்டு கடந்த காசை மத்திய அரசோ அது அனுமதித்த அமைப்போ தவிரத் தனிநபர் மறுபடி வெளியே அனுப்ப முடியாது.

#19 உரைகல்

குறிப்பட்டையில் இப்படி எழுதுங்கள்: மாசிடோனியா, மூன்றாம் ஃபிலிப் அர்ரிடையோஸ், கி.மு. 323–317. தங்க ஸ்டேட்டர், பாபிலோன், 8.54 கி., 18 மி.மீ. முன்: கொரிந்த் கவசத்தில் அதெனா, வலம். பின்: நிக்கே இடம் நோக்கி நிற்க, மாலையும் ஸ்டைலிஸும், வலத்தில் ‘ஃபிலிப்பூ’, இடத்தில் லாம்ப்டா–உப்சிலான். கன்னத்தில் வெட்டு, 12 மணியில் வளையத் தடம். பெல்லாவில் எண் பார்த்துச் சேருங்கள்.

#20 திரிசூலம்

கவசத்தில் பாம்பா கிரிஃபினா என்பதையும் முன்பக்க வரியில் போடுங்கள். தேய்மானத்தில் தெரியாவிட்டால் ‘தெளிவில்லை’ என்று எழுதுங்கள், வெறுமனே விட வேண்டாம்.